திரும்பும் வழியில் மைக்கைத் தொடுவதில்லை

மில்ஃபோர்டில் சுற்றுலாப் படகு கரை சேர்ந்ததும் முதல் ஆளாக இறங்குகிறவள் நான்தான். பயணிகளுக்கு அருவியை விட்டு வர மனசே இருக்காது. கடைசிப் போட்டோ என்பார்கள், அதற்குப் பிறகு இன்னொன்று எடுப்பார்கள். எனக்கோ அந்த அருவியைப் பார்த்தாலே கால் வலிக்கும். விடிந்ததிலிருந்து படகில் டீ ஊற்றி, கப் கழுவி, மறுபடி ஊற்றி, மலைகள் முடிந்து கடல் ஆட ஆரம்பிக்கிற இடத்தில் வாந்தி எடுப்பவர்களுக்குப் பை நீட்டி, அன்றைக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. வேலை நாட்களில் அங்கேயே தங்கிக்கொள்வேன்; மறுநாளிலிருந்து விடுப்பு. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். என் புருஷன் டெஸ் ஓட்டுகிற பஸ்தான். குவீன்ஸ்டவுனிலிருந்து ஆட்களைக் காலையில் கூட்டி வந்து, படகு ஏற்றி, ராத்திரிக்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற வேலை அவனுக்கு. வழியில் தே அனாவில் எங்கள் வீடு. அங்கே நான் இறங்கிக்கொள்வேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கீயா கிளி பஸ்ஸின் கண்ணாடியில் உட்கார்ந்து துடைப்பானின் ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. டெஸ் எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ரோட்டில் ஓட்டுகிற எவனும் கீயாவை அப்படி விட மாட்டான். ரப்பர் போனால் மழையில் குருடன் மாதிரிதான் வீடு போக வேண்டும்.

"என்னய்யா, அதுக்கு விருந்து வைக்கிறியா?" என்று நான்தான் கையை வீசி விரட்டினேன்.

"ம்? ஓ... பசிச்சிருக்கும்," என்றான்.

"ராத்திரி தூங்கினியா இல்லையா?"

"தூங்கினேன், தூங்கினேன்."

"மூஞ்சியே சொல்லுதே. நெவில்கிட்ட ஒரு நாள் லீவு கேளேன்."

"கேட்டா வண்டி கழுவுற குழாயைக் கையில குடுப்பான். பாலத்துல சைடு கண்ணாடி உரசுனதுக்கே என்ன சொன்னான்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நெவில் எங்கள் பஸ் டிப்போவின் மேலாளர். 'உனக்கும் வயசாச்சு டெஸ், இன்னொரு தப்பு நடந்தா வண்டி கழுவத்தான்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அந்த நேரம் பார்த்து ரெண்டு டிரைவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போக, அவர்கள் ஓட்டமும் இவன் தலையில் விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் கழுவுவதே மேல் என்று போயிருப்பான். டெஸ் அப்படியில்லை. வீட்டில் அவன் வாயிலிருந்து ஒரு 'ம்' வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மைக்கைக் கழுத்தில் மாட்டிவிட்டால் ஆளே வேறு. எந்த மலைக்கு என்ன பேர், வழியில் வருகிற சுரங்கப் பாதையை அந்தக் காலத்தில் வேலையில்லாத ஆட்கள் எப்படிக் கடப்பாரையால் குடைந்தார்கள், எந்த வளைவுக்கு எந்த ஜோக், எல்லாம் அருவி மாதிரிக் கொட்டும். 'வீட்டுக்கும் ஒரு மைக் வாங்கிப் போடட்டுமா' என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்த சீட்டைப் பிடுங்கினால் அவன் பேச்சையும் சேர்த்துப் பிடுங்கின மாதிரிதான். அதனால் மேலே ஒன்றும் பேசாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பேச்சு எல்லாம் போகும்போதுதான். திரும்பும்போது இந்த ரோட்டில் எந்த டிரைவரும் மைக்கைத் தொடுவதில்லை. ஏதாவது படத்தைப் போட்டுவிடுவார்கள். சனம் தூங்கிவிடும். அன்றும் சுரங்கத்தைத் தாண்டி இறங்குவதற்குள் பின்னால் பாதிப் பேர் குறட்டை. நானும் ஷூவைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிக் கண்ணை மூடினேன்.

மைக் கரகரத்தது.

"எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னும் கொஞ்ச நேரத்துல சுரங்கப் பாதை வரும். அதைத் தாண்டி இறங்கினா நம்ம படகு ரெடியா நிக்கும். மழைக்கோட்டைக் கையில எடுத்து வச்சுக்கங்க."

பின்னால் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "மறுபடியும் படகா? நமக்கு லாபந்தான்," என்றது ஒரு குரல்.

நான் டெஸ்ஸைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் சரியாக இருந்தது. வளைவுக்கு வளைவு வண்டியும் சரியாகத்தான் திரும்பியது. ஆனால் அந்த முகத்தில் ஆள் இல்லை. இந்தப் பக்கம் மரங்கள், அந்தப் பக்கம் கீழே ஆறு, நடுவில் ஈர ரோடு. கத்தினால் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை இழுத்துவிடுவான். தொடவும் பயம்.

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். என்னைப் பற்றிய ஜோக் வந்தது. எனக்கு அது மனப்பாடம். 'படகுல டீ ஊத்துறவ என் சம்சாரம். டீ நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் வீட்டுல அவளைப் பிடிக்க முடியாது.'

"படகுல டீ ஊத்துறவ என் சம்சாரம்," என்றான். ஆனால் அடுத்து வந்தது ஜோக் இல்லை. "அவளைப் பாத்தா சொல்லுங்க, எனக்கு ரொம்பக் களைப்பா இருக்குன்னு. நான் சொன்னா அவ பயந்துடுவா."

யாரும் சிரிக்கவில்லை. பாவி மனுஷன், ஒரு பஸ் நிறைய முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல முடிகிறது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிற என்னிடம் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் நாப்ஸ் ஃபிளாட் ஞாபகம் வந்தது. காலையில் போகும்போது பாத்ரூமுக்காக எல்லா பஸ்ஸும் நிற்கிற இடம். திரும்பும்போது யாரும் அங்கே நிறுத்துவதில்லை. ஆனால் இவன்தான் இன்னும் காலையில் இருக்கிறானே. பயணி மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"டிரைவர், நாப்ஸ் ஃபிளாட் வருதே, நிறுத்துவீங்களா?"

"நிறுத்தாம? இதை விட்டா அப்புறம் மரத்தடிதான்," என்றான், தினமும் சொல்கிற அதே குரலில்.

இண்டிகேட்டர் போட்டான். வேகம் குறைந்தது. எதிரே எதுவும் வரவில்லை. பஸ் மெதுவாக உள்ளே திரும்பி, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். நான் எட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டேன்.

அவன் இமை கொட்டினான். "இங்க எதுக்கு நிக்கிறோம்?"

"நீதான் நிறுத்தின. எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்ன. படகு ரெடியா நிக்குதுன்னு சொன்ன."

அவன் முகம் வெளுத்தது. மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அம்மா மடியில் தூங்குகிற ஒரு குழந்தை, வாயைப் பிளந்துகொண்டிருந்த கிழவர், எங்களையே பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சாவியைக் குடு. மூஞ்சியைக் கழுவிட்டு வந்தா சரியாயிடும்."

"என்னை வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு, இவங்களை இருட்டுல குவீன்ஸ்டவுன் வரைக்கும் இப்படியே கூட்டிட்டுப் போவியா?"

அவன் இரு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்லிய குரலில், "எஞ்சின் சூடாயிடுச்சுன்னு சொல்லு நோயலின். வேற வண்டி அனுப்புவான். யாருக்கும் தெரியாது," என்றான்.

நான் ரேடியோவை எடுத்தேன். அதில் பேசினால் ரோட்டில் இருக்கிற எல்லா டிரைவர்களுக்கும் கேட்கும். நெவில் லைனில் வந்தான். "சொல்லு டெஸ்."

"டெஸ் இல்ல, நோயலின். நாப்ஸ் ஃபிளாட்ல நிக்கிறோம்."

"நீ எப்படி ரேடியோவுல? என்ன ஆச்சு?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவன் சீட் தப்பும். நாளை விடியும் முன்னே இதே சீட்டில் இதே கண்ணோடு உட்காருவான். உண்மையை நான் சொன்னால் எல்லோர் காதுபடவும் அவனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு டெஸ்ஸைப் பார்த்தேன்.

"'என் சம்சாரத்தைப் பாத்தா சொல்லுங்க, களைப்பா இருக்கு'ன்னு இவங்ககிட்ட மைக்குல சொன்ன. கேட்டுட்டேன் டெஸ். நான் பயப்படல," என்றேன். அது பொய். ரேடியோவை அவனிடம் நீட்டினேன்.

"ஹலோ? எஞ்சின் கோளாறா?" என்றான் நெவில்.

டெஸ் அதை வாங்கினான். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினான்.

"எஞ்சின் நல்லா இருக்கு நெவில். எனக்குத்தான் முடியல. ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். வேற ஆளை அனுப்பு."

இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் நெவில், "சரி. அங்கேயே இருங்க," என்றான்.

டெஸ் ரேடியோவைக் கொக்கியில் மாட்டினான். மைக்கையும் கழுத்திலிருந்து கழற்றி வைத்தான். சாவியை நான் ஏப்ரன் பைக்குள் போட்டேன். வேறு டிரைவர் வர நேரமாகும் என்று பின்னால் இருந்தவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நான் வந்து உட்காரும்வரை அவன் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடியே இருந்தான்.

"நோயலின்."

"என்ன?"

"உன் டீ நிஜமாவே நல்லா இருக்காது."

மைக் இல்லாமல் சொன்னான்.

"தெரியும்," என்றேன். "தூங்கு."