சுவருக்கு அந்தப் பக்கம்

“இதுவும் வேணாம், அதுவும் வேணாம்னா, பின்ன எதைத்தான் போட்டு அனுப்பறது?”

சின்னவள் அக்காவின் அலமாரியைத் திறந்துபோட்டு நின்றிருந்தாள். ஒரு கையில் சாம்பல் நிறக் கோட்டு, தோளில் நீலச் சட்டை. கீழே சவ வண்டி வந்து நின்றாகிவிட்டது. அக்காவுக்கு உடுத்திவிட வந்த பெண் கையுறையை மாட்டிக்கொண்டு கதவோரம் காத்திருந்தாள்.

அண்ணன் குனிந்து, அலமாரியின் அடியிலிருந்து ஒரு கறுப்பு டீ ஷர்ட்டை உருவினார். கழுத்துப் பக்கம் நைந்துபோயிருந்தது. நெஞ்சில் நாலு பேர் வரிசையாக நிற்கிற படம். துவைத்துத் துவைத்து உதிர்ந்து, இப்போது இரண்டரைப் பேர்தான் மிச்சம்.

“அண்ணா, விளையாடாதீங்க. அறுபது வயசுப் பொம்பளை. பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“அவ இருக்கறப்பவும்தான் சிரிச்சாங்க. கண்டுக்கிட்டாளா?”

“அவ கண்டுக்க மாட்டா. நான்தானே வாசல்ல நின்னு எல்லார் மூஞ்சியையும் பாக்கணும்.”

கையுறைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உள்ள இதைப் போட்டு மேல நீலச் சட்டையைப் போட்டுடறேன். பட்டன் எல்லாம் போட்டுட்டா தெரியாது” என்றாள்.

சின்னவள் சட்டையைத் தோளிலிருந்து எடுத்து நீட்டினாள். “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று பேரில் மூத்தவள்தான் போனவள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுவில் இவர். தகரப் பட்டறையில் காற்றுக்குழாய் மடிக்கிற வேலை. இவருடைய கல்யாணம் நிலைக்கவில்லை. பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது அக்கா, “அந்த ரூம் காலியாத்தான் கிடக்கு, தகரம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தகரம் என்பது அவள் வைத்த பெயர். அவள் அறைக்கும் இவர் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கட்டியவன் எதில் மிச்சம் பிடித்தானோ, அந்தச் சுவரில் பிடித்திருந்தான்.

அந்தச் சுவர் வழியாகத்தான் அவருக்கு டீ ஷர்ட்டில் இருக்கிற அந்தப் பாட்டுக் குழுவைத் தெரியும். அக்கா அவர்களை ‘நம்ம பசங்க’ என்பாள். பசங்களுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. டிரம்ஸும் பேஸ் கிதாரும் சுவரை உலுக்கிக்கொண்டு வந்து இவர் கட்டிலில் இறங்கும். பாட்டின் சொல்லோ மெட்டோ இவருக்குத் தெரியாது. பட்டறையில் நாள் முழுக்க தகரத்தை அடித்து அடித்து, மெல்லிசான சத்தமெல்லாம் காதிலிருந்து கழன்றுபோய்விட்டது. எதிரில் நின்று பேசினால் புரியும், பாதி காதால், பாதி வாயசைவால். சுவருக்கு அப்பாலிருந்து இடிதான் வந்து சேரும். ஆனாலும் இடியை வைத்தே இது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார்.

வந்த புதிதில், தாங்க முடியாமல் முஷ்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். குறை என்று அர்த்தம். அக்கா கூட்டினாள். மறுபடி தட்டினார். இன்னும் கூட்டினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. வேலையில் நொந்து வந்து படுத்திருக்கும் நாட்களில் இவரே வேண்டுமென்று இரண்டு தட்டுத் தட்டுவார். சுவர் அதிரும். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

*

படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டியை நிமிர்த்தி இறக்க வேண்டியிருந்தது. அக்கா ஓட்டிய தடத்தில் வேலை பார்க்கிற டிரைவர்கள் நாலு பேர் தூக்கினார்கள். ஒருவர், “கொஞ்சம் ரிவர்ஸ் எடு, கொஞ்சம் ரிவர்ஸ்” என்றார். இன்னொருவர், “அக்கா இருந்தா ஒரே கட்டுல திருப்பியிருப்பாங்கடா” என்றார். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

கீழே ரெக்கார்டு கடைக்காரர் நின்றிருந்தார். குதிரைவால் போட்டுக் கட்டிய நரைமுடி, இஸ்திரி போடாத கறுப்புச் சட்டை. அக்காவோடு எப்போதும் சண்டை போடுகிறவர். அந்தக் குழுவின் பழைய மூன்று ஆல்பம்தான் அசல், மற்றதெல்லாம் சக்கை என்பது அவர் கட்சி. வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இவர் காதைப் பற்றித் தெரிந்தவராதலால், முகத்துக்கு நேரே வந்து மெதுவாகக் கேட்டார்.

“கேட்டாங்களா?”

“எதை?”

“புதுசு. அன்னிக்குக் காலையில நானே கொண்டாந்து குடுத்தேனே.”

இவர் தலையை ஆட்டினார். “இல்லீங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா.”

கடைக்காரர் கையை விட்டார். “நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தாங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “வாங்கினவங்கள்ல பாதிப் பேர் திருப்பிக் கொண்டாந்து தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க. நானும் பாதியில நிறுத்திட்டேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு மீதியைக் கேக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

வண்டியின் கதவைச் சாத்தினார்கள்.

*

அடக்கம் நடக்கிற இடத்துக்குப் போகும் வழியெல்லாம் இவருக்கு அந்த நாலு வருஷம்தான் மனதில் ஓடியது.

டிரம்ஸ் வாசித்தவர் இறந்த செய்தி வந்தபோது அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. குழு கலைந்துவிடும் என்றார்கள். கலையவில்லை. புது ஆல்பம் வருகிறது, ஆனால் இந்தத் தடவை எல்லாமே வேறு மாதிரி என்று பேச்சு கிளம்பியது. அக்காவின் இதயம் பழுது என்று தெரிந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். டாக்டர் சொன்ன மாத்திரைகளை அவள் மறந்தாலும் மறப்பாள், அந்தக் குழுவைப் பற்றி வருகிற துணுக்குச் செய்தியை மறக்க மாட்டாள்.

“டிரம்ஸுக்குப் புதுசா ஆள் சேக்கலையாம்டா” என்றாள் ஒரு நாள், சூப்பை ஆற்றிக்கொண்டே. “அந்த எடத்தைச் சும்மா விட்டுட்டாங்களாம். பியானோ, அப்புறம் குரல், அவ்வளவுதானாம்.”

“அப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காது.”

“உனக்குக் கேக்கறதுக்காகவா அவனுங்க பாடறானுங்க?”

“நல்லா இருக்குமா?”

அவள் கரண்டியால் சூப்பைக் கிளறினாள். “தெரியல. அதான் பயமாவும் இருக்கு, ஆசையாவும் இருக்கு. நல்லா இல்லாம போனாலும் பரவால்ல. அவனுங்க என்ன பண்ணிட்டானுங்கன்னு பாத்துடணும். அதுக்குள்ள போயிடக் கூடாது.”

“போயிடுவியா என்ன. பேசாம குடி.”

புது ஆல்பம் வந்தால் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் தடவை கேட்கும்போது கதவைச் சாத்திவிடுவாள். இரண்டு பக்கமும் முடிகிறவரை யாரும் திறக்கக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் சுவரில் தட்டித்தான் சொல்ல வேண்டும். முடிந்ததும் கதவைத் திறந்து ஒரே வார்த்தை சொல்வாள். பாஸ், அல்லது ஃபெயில். வாசலில் நின்று அதைக் கேட்பது இவர் வேலை.

புதுசு வந்த அன்றைக்கும் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன், “நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிருக்க. போய்க் கொஞ்ச நேரம் படு” என்றாள்.

இவர் படுக்கவில்லை. தன் அறைக்குப் போய்ச் சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடி வராது என்று தெரியும். இருந்தாலும் வரும் என்றே காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மாடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அல்லது போடப் பயப்படுகிறாள்.

வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். போடு என்றும், கூட்டு என்றும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றும் எல்லாம் சேர்ந்த தட்டு அது.

சுவர் அப்படியே இருந்தது.

சூப்பைச் சூடு பண்ணி, அது ஆறிப்போனதும் மறுபடி சூடு பண்ணினார். கடைசியில் சட்டத்தை மீறிக் கதவைத் திறந்தார். அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தாள். ரெக்கார்டு பிளேயர் ஓடவில்லை. ஊசி அதன் தாங்கியில் கிடந்தது. அப்புறம் டாக்டர், சின்னவளுக்கு ஃபோன், ஆட்கள். யாரோ பிளேயரின் மூடியைச் சாத்தி அதன்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டார்கள்.

*

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. வாடகை நாற்காலிகளை எடுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். சின்னவள் தலையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, மண்டை வெடிக்குது. சாயங்காலம் வண்டியப் புடிக்கணும். உங்க ரூம்ல கொஞ்சம் சாயறேன்” என்றாள்.

“சாயி. எதாவது சாப்பிட்டியா?”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அக்கா அறைக்குள் போனார். கட்டிலில் சாம்பல் நிறக் கோட்டு கிடந்தது. அதை மாட்டி வைத்தார். பிளேயர்மேல் இருந்த சொம்பை எடுத்தார். மூடியில் ஈரவட்டம். கைக்குட்டையால் துடைக்கக் குனிந்தபோது, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். தொட்டார். கதகதப்பாக இருந்தது. அன்றைக்குப் போட்டதை யாரும் அணைக்கவே இல்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மூடியைத் தூக்கினார். உள்ளே ரெக்கார்டு இருந்தது. நடுவிலிருந்த காகிதவட்டத்தில் இரண்டாம் பக்கம் என்று போட்டிருந்தது.

அவர் அதைத் திரும்பப் படித்தார். புது ரெக்கார்டை எடுத்து முதலில் இரண்டாம் பக்கத்தைப் போடுகிறவள் இல்லை அக்கா. அப்படிச் செய்கிறவனோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ள மாட்டாள். முதல் பக்கத்தைக் கேட்டு முடித்திருக்கிறாள். எழுந்து வந்து, திருப்பிப் போட்டு, போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிளேயர் பக்கம் முடிந்தால் தானே ஊசியைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டு நின்றுவிடும். அவள் உயிர் போவதற்கு முன்னால் முடிந்ததா, பின்னால் முடிந்ததா என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அவர் சுவரைப் பார்த்து அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இந்தப் பக்கம் பாட்டு ஓடியிருக்கிறது.

கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கேட்டாள் என்று சொல்லலாம். பாஸா ஃபெயிலா என்று கேட்டால்?

பிறகுதான் அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைப் பார்த்தார். அதன் ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பாள் அக்கா. முதல் தடவை கேட்கும்போது குமிழின் கோடு அந்தப் புள்ளியில்தான் நிற்க வேண்டும், ஒரு மயிரிழை அப்படி இப்படி இருக்கக் கூடாது. அதற்கப்புறம் இவர் தட்டினால் புள்ளியைத் தாண்டிப் போகும். தட்டிக் குறைந்ததே கிடையாது.

இப்போது கோடு புள்ளிக்கு வெகு கீழே, ஏறக்குறைய அடியில் நின்றது.

அவர் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிருக்க, போய்ப் படு என்றவள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் குறைக்காதவள். அன்றைக்கு இவர் தட்டியதைக் கேட்டு, எழுந்து வந்து குறைத்திருக்கிறாள்.

“லூசு” என்றார் வாய்க்குள். யாரைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை.

ரெக்கார்டை விளிம்பில் பிடித்துத் திருப்பி முதல் பக்கத்தைப் போட்டார். ஊசியை இறக்கிவிட்டு, சாத்துவதா வேண்டாமா என்று யோசித்து, கதவைச் சாத்தினார். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ரெக்கார்டு சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை. எழுந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். எங்கேயோ ஆழத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. குமிழைப் புள்ளிவரை கொண்டுவந்தார்.

அப்போது கேட்டது. பியானோ, பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல. அப்புறம் ஒரு குரல். இத்தனை காலமாக அந்தக் குழுவில் பாடுகிறவனின் குரலை அவர் கேட்டதே இல்லை. கிழவன் குரல். இழுக்கிற இடத்தில் கொஞ்சம் உடைந்தது. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெளி விட்டிருந்தார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டாவது பாட்டில்தான் கவனித்தார், அந்த வெளி வரும்போதெல்லாம் தன் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருப்பதை. சுவர் வழியாக வந்த இடியெல்லாம் காலில் தங்கியிருந்தது.

சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

சின்னவள். தலைவலிக்காரி. அவளுக்கு நல்ல காது. இந்த மெல்லிய பாட்டெல்லாம் அவளுக்குச் சுவர் வழியாகத் தெளிவாகவே போயிருக்கும். சாவு வீட்டில் என்ன இது என்றும் இருக்கும்.

இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. கதவைத் தட்டுவது மாதிரிதான் இருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி.

அவர் எழுந்து போய்க் குமிழைப் பிடித்தார். மூன்றாவது பாட்டு தொடங்கியது. சிவப்புப் புள்ளியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.