பாதி எழுதிய பக்கம்

"...அதான் சொல்றேன், ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்கு. ஆனா ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது."

"நீயும் அத்தானும் மாதிரியா அக்கா?"

"உதை வாங்குவே."

1

வாங்காத அந்த உதையிலிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. அக்காவின் வேலை மெய்நிகர் கணினிகளோடு. ஒரே இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு, தனி இயந்திரம் என்று தம்மை நினைத்துக்கொள்பவை அவை. ஒன்றோடொன்று பேச, செய்தியை உறையிலிட்டு, முகவரி எழுதி, ஊரெல்லாம் சுற்றுவதுபோல் அனுப்புமாம். அக்கா இரண்டுக்கும் பொதுவாக ஒரு நினைவகப் பக்கத்தைத் திறந்துவிடுவாள். ஒன்று எழுதும், மற்றது அங்கேயே படித்துக்கொள்ளும்.

2

(முதலில் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். நினைவகத்துக்கு மழை எதற்கு? அடித்துவிட்டேன்.)

அக்காவும் அத்தானும் வீட்டிலேயே அடுத்தடுத்த அறைகளில் வேலை செய்பவர்கள். 'சாப்பிடலாமா?' என்பதுகூடக் கைப்பேசி வழியாக, எங்கோ ஒரு கண்டத்தைத் தொட்டுவிட்டு, நடுச்சுவரைத் தாண்டி வரும். இரண்டு வாரமாக அதுவும் இல்லை.

எனவே இந்தக் கதையை மூவரும் தங்கள் கணினியிலிருந்தே திறக்கக்கூடிய ஒரே கோப்பாக வைத்தேன். யார் திறந்திருக்கிறாரோ அவர் பெயர் மூலையில் தெரியும். என்னைத் திருத்துகிற சாக்கிலாவது பேசிக்கொள்வார்கள் என்று. (வாசகரே, சிரிக்கலாம்.)

3

நேற்று மாலை எழுதியது:

'அவனை விட்டுப் போய்விடலாம் என்று அவள்

வாசலில் மணி அடித்தது. பார்சல்காரர். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள், கோப்பிலிருந்து அத்தானின் பெயர் மறைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தானும். பையோடு. 'ஒருபோதும் நினைத்ததில்லை' என்ற மிச்சம் என் தலைக்குள்ளேயே இருந்தது.

"பொதுப் பக்கம்னா ஓரத்துல ஒரு கொடி வைக்கணும்டா மண்டு! எழுதிட்டிருந்தா பூஜ்யம், முடிச்சுட்டா ஒண்ணு. அதைப் பார்க்காம யாரும் படிக்கக் கூடாது. வேலைக்கு வர்ற முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் குடுப்போம்."

"மிச்சத்தை இப்ப எழுதிட்டேன். பார்த்துட்டு வந்துடுவார்."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'ஒருபோதும்'னு உனக்கு யார்டா சொன்னா?"

4

இதற்குப் பிறகு எழுத்தாளன் என்ன செய்வான்? அத்தான் திரும்பி வருகிறார் (சினிமா). வரவில்லை, பனி பெய்கிறது (நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்கள்). மூன்றாவதாக ஒன்று, அக்கா அந்த 'ஒருபோதும்' என்ற சொல்லைத் தானே

நிறுத்துகிறேன். கோப்பின் மூலையில் அத்தானின் பெயர் வந்திருக்கிறது. என் வாக்கியத்தின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. நான் எழுதுபவை அல்ல:

"மச்சான், உன் கதைதான், தெரியும். ஆனா கொஞ்ச நேரம் நீ வெளியே இரு. அவளை மட்டும் உள்ளே வரச் சொல்றியா?"