எஃப் ஒன் அமுக்கினால் போதும்

கரப்பானைக் கண்டால் எனக்குப் பயமில்லை, அருவருப்புத்தான். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிபார்க்கத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது, அது இன்னும் போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே திறந்தால் குமட்டும். மனுஷரும் அப்படித்தான் என்று பாறசாலையில் என் அம்மா சொல்லுவாள், நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அன்று ஸ்ரீவராகத்தில் ஸ்ரீலட்சுமியின் வீடு. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு டெஸ்ட். ஆஸ்பத்திரிகளுக்காக டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். வெளியே வேலைக்குப் போகப் புருஷன் விடமாட்டான். அதனால் அவளுக்கு இது ஒன்றுதான் வழி. டெஸ்டையும் சொந்த கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டும்.

"ரெண்டு தடவை போச்சு ஷெமி," என்றாள். "நான் அடிச்சு அரை நிமிஷம் கழிஞ்சுதான் எழுத்து வருது. இதுதான் கடைசி சான்ஸ். இதும் போச்சுன்னா பின்னே கூப்பிட மாட்டாங்க."

"நீங்க என்னெல்லாம் செஞ்சு பாத்திய அக்கா?"

"வேண்டாத புரோகிராம் எல்லாம் எடுத்தேன். படம், பாட்டு எல்லாம் அழிச்சேன். இடம் கிடைக்கட்டும்னு கல்யாண போட்டோவையும் அழிச்சாச்சு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புருஷன் சுதீஷ் சோபாவில் காலை நீட்டிப் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். காட்டாக்கடையில் ஒரு டியூஷன் சென்டரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவன். தலையைத் தூக்காமலே சொன்னான்: "அதுக்க ஆயுசு முடிஞ்சாச்சு மோளே. வெறுதே மெனக்கெடாத. பெண்ணுங்க ஸ்க்ரூ முறுக்குனா மட்டும் புதுசாயிருமா?"

நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. வேலை முடியட்டும் என்று விழுங்கினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. நான் படித்து முடிப்பதற்குள் ஸ்ரீலட்சுமி விரலை நீட்டி எஃப் ஒன் பொத்தானை அமுக்கினாள். அது மறைந்துவிட்டது.

"அது என்னன்னு தெரியுமா அக்கா?"

"எப்பவும் வரும். எஃப் ஒன் அமுக்குனா போதும், வேற ஒண்ணும் இல்லைன்னு எங்க வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க."

நான் சோபாவைப் பார்த்தேன். போனில் விரல் ஓடுவது நின்றிருந்தது.

உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்தேன். தொண்ணூற்றெட்டு டிகிரி. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் கருகிப்போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து வருடம் கூட ஆகாத பெட்டி அது. ஆயுசு முடிந்ததாம், ஆயுசு. மண்ணாங்கட்டி.

அணைத்து, பழைய பேப்பரை விரித்துப் பெட்டியைப் படுக்கவைத்தேன். மேல் மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. விஜயதசமிக்கு இதற்குப் பூஜை வைத்து, அவலும் பொரியும் சர்க்கரையும் இதன் தலையிலேயே படைத்திருக்கிறார்கள். காற்றுப் போகிற ஓட்டைகள் வழியாக எல்லாம் உள்ளே இறங்கியிருந்தது. பக்கப் பலகையை இழுத்ததும் கரப்பான்கள் கொத்தாக வெளியே பாய்ந்தன. இரண்டு என் முழங்கைவரை ஏறின. சீ. உதறிவிட்டு டார்ச் அடித்தேன். முட்டைக்கூடு, எச்சம், சர்க்கரைப் பாகில் ஒட்டிய செத்த பூச்சி, வாடிய தெற்றிப்பூ. நாற்றம் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

பெயிண்ட் பிரஷை வைத்துத் தள்ளித் தள்ளி எடுத்தபோதுதான் அந்தச் சரடு தட்டுப்பட்டது. சிவப்புச் சரடு. நடுவில் சூட்டை ஆற்றுகிற சின்ன விசிறியின் இலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்துக் கம்பியோடு சேர்த்து மூன்று முடிச்சு. விசிறி அசைய வழியே இல்லை. தானாக விழுந்த சரடு முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

கத்தரியால் வெட்டி எடுத்து மேஜைமேல் வைத்தேன். மாமியார் சிவகாமியம்மாள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது பகவதி கோயில்ல ஜபிச்ச சரடுல்லா," என்றாள். "விஜயதசமி பூஜையெடுப்பு அன்னைக்கு, கண்ணேறு படாம இருக்கட்டும், பெட்டியில கெட்டுடேன்னு நான்தான் சுதீஷ்கிட்ட கொடுத்தேன். மேலதானே கெட்டச் சொன்னேன் மக்களே, இது எப்படி உள்ள போச்சு?"

ஸ்ரீலட்சுமி அந்தச் சரடையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு டெஸ்டும் தோற்றது விஜயதசமிக்குப் பிறகு, இந்த ஆறு மாதத்தில்தான்.

"வெளியே கெட்டுனா தூசும் பொடியும் பிடிக்கும்," என்றான் சுதீஷ். இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"உங்க சென்டர்லயும் விசிறியிலதான் சரடு கெட்டுவியளா சாரே?" என்று கேட்டேன். "விசிறி ஓடலைன்னு அந்த வரி தினமும் சொல்லிட்டே இருந்திருக்கு. நீங்க படிக்கலையா, இல்ல அக்காவைப் படிக்க விடலையா?"

அவன் போனைக் கவிழ்த்துச் சோபாவில் வைத்தான். கரப்பான் பொறுக்கிற கையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். இவன் கையால் போட்ட முடிச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆறு மாதமாக அந்தப் பெண் தோற்றுத் தோற்று, கடைசியில் தன் கல்யாண போட்டோவையும் அழிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தூ.

சிவகாமியம்மாள் சரடை இரண்டு விரலால் தூக்கினாள். அதில் பூச்சிக்கால் ஒட்டியிருந்தது. "பகவதிக்க சரடை இந்தப் பீக்குள்ள வச்சு, இவளுக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடே," என்றாள், சத்தமே போடாமல். பிறகு மகன் பக்கம் திரும்பவே இல்லை.

சுத்தம் செய்து, விசிறியின் அடியில் சூடு கடத்துகிற பசையை மாற்றி, மறுபடி போட்டேன். அந்த வரி வரவில்லை. முக்கால் நிமிடத்தில் திறந்தது. ஸ்ரீலட்சுமி ஒரு பக்கம் முழுக்க டைப் அடித்துப் பார்த்தாள். விரலோடு விரலாக எழுத்து வந்தது. நான் பலகையை மூடும்போது, பெட்டியின் பின்னாலிருந்த சின்ன வளையத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எதுக்கு ஷெமி?"

"பூட்டுப் போட அக்கா. ஆபீஸ்ல எல்லாம் போடுவாங்க. பூட்டிட்டா யாராலயும் திறக்க முடியாது."

சிவகாமியம்மாள் பூஜை அறைக்குள் போய், வெள்ளிப் பாத்திரப் பெட்டியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அளவு சரியாக இருந்தது. பூட்டிவிட்டுச் சாவியை மருமகள் கையில் கொடுத்தாள். ஸ்ரீலட்சுமி தாலிச் செயினில் கிடந்த ஊக்கைத் திறந்து சாவியைக் கோத்து, ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். சுதீஷ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் மதியம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

"பாஸ் ஆயாச்சு ஷெமி. திங்கள்கிழமை முதல் வேலை. எஃப் ஒன் அமுக்க வேண்டி வரல்ல."