நான்கு விரல் மடிப்பு

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. தைத்து வைத்திருந்த இரண்டு யூனிஃபார்ம் பாவாடைகளையும் சின்னவள் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் தையல்காரம்மாவின் வேலையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வளரும் பிள்ளைகளுக்கு அடிமடிப்பை நான்கு விரல் அகலம் விட வேண்டும். வருடா வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

பெரியவளின் பாவாடையில் நான்கு விரல் இருந்தது. தன்னுடையதில் ஒரு விரல்கூட முழுதாக இல்லை.

பெரியவள் தையல்காரம்மா பெற்ற பிள்ளை, இவள் வளர்க்க எடுத்துவந்த பிள்ளை. முன்பு வளர்ந்த வீட்டிலும் அனுப்பப்போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செருப்பு சின்னதாகிக் காலைக் கடித்தது, புதுசு வாங்கவில்லை, அடுத்த மாதம் அவள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தையல்காரம்மாவின் கணவர் பஸ் டிரைவர். எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று சின்னவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவர். மத்தியானம் இன்ஸ்பெக்டர் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். தையல்காரம்மா விடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டேனா, ஆன்ட்டி?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னவள் பாவாடையைத் திருப்பி மடிப்பைக் காட்டினாள். தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ வந்த அன்னிக்கு எழுதி வச்ச அளவுல வெட்டித் தொலைச்சிட்டேன்டி. தச்சு முடிச்சு, துவைக்கப் போட்ட உன் கவுன்மேல வச்சுப் பாத்தா, பாவாடை குட்டையா நிக்குது. மூணு விரல் வளந்துட்ட நீ. இருந்த மடிப்பையெல்லாம் இறக்கி விட்டுட்டேன்."

ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவருக்கு, வீட்டுப் பிள்ளை வளர்ந்தது கண்ணில் படவில்லை. அந்த வெட்கத்தில் அவர் அந்தப் பாவாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்சத் துணியை விரித்தார். சின்னவளை நிற்க வைத்து இடுப்பிலிருந்து அளந்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தரமும் அளந்தார்.

சாயங்காலம் புதுப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு மடிப்பா? காலேஜுக்கும் இதையே போட்டுக்கிட்டுப் போகட்டும்னா?"

"போகட்டும்," என்றார் தையல்காரம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

மடிப்பைக் கையால்தான் தைக்க வேண்டும். சின்னவள் துணி நகராமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையின் நான்கு விரல்களை மடிப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். துணி இன்னும் மிச்சம் இருந்தது. இடது கையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.