ஊருக்குப் போகாத மூட்டைகள்

நெல்லையப்பன் பேராச்சிக்குத் தரவேண்டிய சாப்பாட்டுப் பாக்கி ஐம்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. பட்டறையில் வேலை போனதிலிருந்து அவன் ஒன்றும் தரவில்லை. அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

தாராவியில் பேராச்சி வீட்டில் எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஒண்டிக்கட்டைகள். அவள் புருஷன் பிச்சையாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. பிள்ளை கிடையாது. ஒரு பந்தி எழுந்து ஏனம் கழுவினால் அடுத்த வேளைக்கு அரிசி களையவேண்டும். இந்த நிலையில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக உட்கார்ந்து ஒரு சாயா குடித்ததில்லை. பம்பாய்க் கடல் அழகு என்று எல்லாரும் சொன்னார்கள். பேராச்சி பார்த்த தண்ணீர் குழாயடியில் வருவதுதான்.

"வைகாசியோட கல்யாணமாகிப் பத்து வருசம். என்னைய ஒரு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"அங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் போவணும்கேன்."

பிச்சையா யோசித்தான். போவது பெரிதில்லை, வெளியே தெரிந்தால்தான் கஷ்டம். போன வருஷம் பெண்டாட்டியோடு ஜுஹு கடற்கரைக்குப் போய்வந்த கணேசபாண்டியனை இன்னமும் சந்தில் எல்லாரும் "புதுமாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. சாப்பிடுகிறவர்களிடம் மட்டும், "நாளைக்கு வெளிய பாத்துக்கிடுங்க" என்றாள் பேராச்சி. அன்று சாயங்காலம் பிச்சையா சலவைச் சட்டையை வாங்கிக்கொண்டு வரும்போது, பக்கத்து வீட்டு சகாயராணி, "ஊருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

பிச்சையா "ம்" என்றான்.

அந்த ஒரு "ம்" போதுமானதாக இருந்தது. தாராவியில் ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் அவன் கை அவனுடையதில்லை. மறுநாள் விடியுமுன் சகாயராணி தன் அம்மைக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தன் தங்கச்சிக்குச் சேலை, இன்னொருத்தன் மாமனுக்குக் குடை. ஒரு சாக்குமூட்டை யார் கொடுத்தது என்றே தெரியவில்லை, கனமாக இருந்தது.

"சொல்லிருவமா?" என்று பேராச்சி மெல்லக் கேட்டாள்.

"இப்பச் சொன்னா கடலுக்குப் போறதும் தெரியும், பொய் சொன்னதும் தெரியும்" என்றான் பிச்சையா.

வண்டியேற்றிவிட ஆள் போகாமல் ஊருக்குப் போகிற வழக்கம் கிடையாது. மற்றவர்களுக்கு வேலை இருந்தது. நெல்லையப்பனுக்கு இல்லை. அவன் சாக்குமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தாதர் வரை வந்தான். பிளாட்பாரத்தில் மெட்ராஸ் வண்டி வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டது, போயிற்று. பிச்சையா அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணாச்சி, அது நம்ம வண்டிலா?" என்றான் நெல்லையப்பன்.

இனிமேல் மறைக்க முடியாது என்று பேராச்சிக்குத் தெரிந்துவிட்டது. "நாங்க ஊருக்குப் போவலடே. கல்யாண நாளு. கடல் பாக்கப் போறோம்."

நெல்லையப்பன் குடத்தைப் பார்த்தான். குடையைப் பார்த்தான். "இம்புட்டையும் தூக்கிக்கிட்டா?"

"நீ இங்கனயே இருந்து பாத்துக்கோ. பொழுதுசாய வந்துருவோம். ஒன் பாக்கிய விட்டுருதேன்."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

"வாயையும் மூடிக்கிடணுமோ மதினி?"

"அதுவும் சேத்துத்தான்."

"வண்டி ஏன் போவலன்னு கேப்பாவ. பொய் சொல்லணும். அதுக்குத் தனியா என்னமும்..."

"எல்லாம் சேத்து அம்பத்திரெண்டரை. முடியாதுன்னா பாக்கிய இப்பமே எடு."

நெல்லையப்பன் சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டான்.

லோக்கல் வண்டி பிடித்துச் சர்ச்கேட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்ததும் கடல் வந்துவிட்டது. இருவரும் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இதான் கடல்" என்றான் பிச்சையா.

"தெரியுது."

துவரம்பருப்பு விலையைப் பற்றிப் பேசினார்கள். அது முடிந்ததும் அலைகளைப் பார்த்தார்கள். வீட்டில் பிச்சையாவின் தோல் வாடை எந்நேரமும் இருக்கும். இங்கே காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வாடையில்லாத புருஷனைப் பேராச்சி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் வேற்றாள் மாதிரி இருந்தான். ஆனாலும் நல்லாத்தான் இருந்தான்.

வெயில் ஏறியதும் இரானிக் கடைக்குப் போய் பன்னும் சாயாவும் வாங்கினார்கள். குடித்து முடித்ததும் பேராச்சி இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் கிடந்த நான்கையும் சேர்த்து அடுக்கி எழுந்துவிட்டாள். கடைப் பையன் அவளையே பார்த்தான்.

"வச்சுட்டு உக்காரு" என்றான் பிச்சையா.

அவள் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசைக்கு அடியில் பிச்சையா அதைப் பிடித்துக்கொண்டான். கடையில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் அங்கே யாருக்கும் அவன் பெயர் தெரியாது.

சாயங்காலம் கடல் சிவந்தது. வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். இவர்களும் நின்றார்கள்.

"வருசா வருசம் வருவமா?" என்றான் பிச்சையா.

"மூட்டைக்கு ஆள் பாக்கணும்" என்றாள் பேராச்சி.

தாதரில் நெல்லையப்பன் அதே இடத்தில் இருந்தான். ஒரு போலீஸ்காரன் இரண்டு தரம் கிளப்பிப் பார்த்தானாம், இவன் நகரவில்லையாம். சாக்கைத் திறந்து பார்த்ததில் உள்ளே அம்மிக்குழவி இருந்ததாம். "இதப் போயி யாரு மதினி ஊருக்குக் குடுத்து விடுதது?" என்று அவன் கேட்டான். அது அவளுக்கும் விளங்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் மூன்று பேரும் சந்துக்குள் வந்தார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். பிச்சையா தரையைப் பார்த்தான். நெல்லையப்பன் மூட்டையை இறக்கினான்.

"கல்யாண் தாண்டிச் சரக்கு வண்டி கவுந்துட்டு. வெங்காய வண்டி. லைன் பூரா வெங்காயம். கலெக்டரே வந்து பாத்தாராம். மெட்ராஸ் வண்டியத் திருப்பி விட்டுட்டான்."

"யாரும் செத்தாங்களா?" என்றாள் சகாயராணி.

"வெங்காயந்தான்."

"அப்ப நாளைக்கு வண்டி போவும்லா அண்ணாச்சி?"

"லீவு முடிஞ்சுட்டு" என்றான் பிச்சையா. அது மட்டும் உண்மை.

சகாயராணி குடத்தை வாங்கி, கீறல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். சாக்குமூட்டையைக் கேட்டு யாரும் வரவில்லை. பேராச்சி கடலுக்குக் கட்டிப்போன புதுச்சேலையை அவிழ்த்துப் பழசை உடுத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வெளியே சாப்பிட்டது சரியில்லை என்று எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நெல்லையப்பனுக்குச் சோறு போடும்போது, "ஒனக்கும் எனக்கும் தீந்துட்டு, என்ன?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"தீந்துட்டு மதினி. கொஞ்சம் குழம்பு விடுங்க."

அந்த ஐம்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு அப்படிக் கழிந்தது. அந்தக் குழம்பிலிருந்து அவனுடைய புதுப் பாக்கி ஆரம்பித்தது.