மாமனாருக்குச் சவரம் செய்தவன்

குண்டூசி செத்துப்போன செய்தி வந்தபோது அவள் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த நடிகன். ஒல்லி உடம்பைப் பார்த்து அவர்களே வைத்த பேர் குண்டூசி. அவளுக்கு முன்னாள் புருஷன். குடி அவன் ஈரலைத் தின்று தீர்த்திருந்தது.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் கடை முதலாளி.

"அத்துக்கிட்டு வந்தவளுக்கு எதுக்குண்ணே லீவு?" என்று அடுத்த ஆளின் சீட்டை வாங்கினாள்.

அந்த ஆள் போனில் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருது விழாவில் குண்டூசி போதையில் தள்ளாடி மைக்கோடு மேடையிலிருந்து விழுகிற வீடியோ. "விழறதுலகூட ஒரு ஸ்டைல் பாருங்க," என்று அவளிடமே காட்டினான்.

"சாப்பிட்டப்புறம் போடுங்க," என்று மாத்திரையை நீட்டினாள்.

மத்தியானம் டிவியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள். சாயங்காலம் வரச் சொன்னாள் இவள். ஒருத்தர் மகா கலைஞன் என்கிறார், ஒருத்தர் மொடாக்குடியன் என்கிறார். தன்னோடு குடும்பம் நடத்தியவன் இந்த ரெண்டு பேரிலும் இல்லையே என்று அவளுக்குப் பட்டது.

வீட்டில் அப்பாவுக்கு விஷயம் தெரியாது. தலைமையாசிரியராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அவர் போயிட்டார்," என்றாள். அப்பா இடது கையால் தன் தாடையைத் தடவினார்.

'அந்தக் கூத்தாடி இந்தப் படி ஏறக்கூடாது' என்று சொன்ன மனுஷன் அவர். அவர் படுக்கையில் விழுந்ததும், விவாகரத்து ஆகியிருந்தும், சவரப் பெட்டியோடு வந்து நின்றவன் அந்தக் கூத்தாடிதான். முதல் நாள் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மாமா, கழுத்துல கத்தி வச்சிருக்கேன். இப்பவாவது என்னை நல்லவன்னு ஒத்துக்குங்க," என்றான். அப்பாவின் கோணிப்போன வாய் சிரித்தது.

சவரம் செய்ய வருகிற நாளில் குடிக்க மாட்டான். குடிக்காததாலேயே கை நடுங்கும். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு மழிப்பான். ஒருமுறை லேசாகக் கீறிவிட்டு, அடுக்களையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். வராமல் போன வாரங்களும் உண்டு. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவனை அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

அன்று சாயங்காலம் கேமராவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வீசிய கண்ணாடி டம்ளர் தன் தலைக்குப் பக்கத்தில் சுவரில் பட்டுச் சிதறியதையும், அப்பாவின் சவரத்தையும். டிவிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் காலை ஒளிபரப்பில் டம்ளர் மட்டும் வந்தது. அதற்குப் பின்னாலேயே மேடையிலிருந்து விழுகிற அந்த வீடியோ.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"முழுசா சொன்னேம்பா. வெட்டிட்டாங்க."

நம்பினாரா என்று தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் தள்ளிவிட்டார்.

கடைக்குப் போனால் எல்லார் பார்வையிலும் பரிதாபம். வாடிக்கையாக வருகிற ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவி கிட்டேருந்து தப்பிச்சேடி தாயே," என்றாள்.

"ஆமாக்கா, தப்பிச்சுதான் வந்தேன்," என்றாள். அங்கேயே நின்றபடி, வரிசையில் நின்றவர்களும் கேட்கும்படி, சவரக் கதையை முதலிலிருந்து சொன்னாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றார்.

"இவ்வளவு நல்ல மனசுள்ளவரை ஏன் விட்ட?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"கூட இருந்து வாழ முடியலக்கா."

பின்னால் நின்ற ஆள் தயங்கித் தயங்கி, கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டார். அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தேடினாள்.