நான்காவது நிறுத்தத்தில் நிழல் உண்டு

1

இந்தக் கதை நிழலுக்காகப் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

எங்கள் தீவுக்குப் பதினொன்று பத்துக்குப் படகு வரும். இறங்குகிறவர்களில் பத்துப் பதினைந்து பேரை ஒரு ஊதாக் குடைக்குப் பின்னால் திரட்டி, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஊரைச் சுற்றிக் காட்டி, மறுபடி படகடியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஏழு இடங்களில் நிற்போம். மூன்றாவது இடத்தைத் தாண்டினால் நூற்றுப் பன்னிரண்டு படிகள். பாதி ஏறியதும் ஒரு பச்சைக் கதவு வீடு, வாசலில் ஒரு முசுக்கொட்டை மரம். அந்த மரத்தடியில் நின்றால்தான் வயதானவர்களுக்கு மூச்சு திரும்பும். நின்றால் ஏதாவது சொல்லியாக வேண்டும். அங்கே சொல்ல எதுவும் இல்லை. ஆகவே ஒரு கதை சொன்னேன். பதினொரு வருடமாக அதையே சொல்கிறேன். என் காலைவிட வாய்தான் அதிகம் களைத்திருக்கிறது.

(தீவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் யார் வீடு, எந்தப் படி என்று தேடிக்கொண்டு நீங்கள் வந்துவிடுவீர்கள். உங்களையும் குடைக்குப் பின்னால் நிறுத்தி நான் நடக்க வேண்டியிருக்கும்.)

2

முதல் தொடக்கம்: ஏஜியன் கடலின் நீலத்தை வார்த்தையில்

வேண்டாம். இருபத்தாறு வருடம் பார்த்தாகிவிட்டது, அது கடல்தான்.

இரண்டாவது தொடக்கம்: கோமதி அன்று காலை குடையை விரித்தபோது

இதுவும் வேண்டாம். கோமதி நான்தான். என்னை 'அவள்' என்று எழுதினால் அவள் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்பதுபோல் ஆகிவிடும். (இங்கே யாரும் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதில்லை. சுருக்கினால் 'கோமா' என்று, நினைவு தப்பிக் கிடப்பவர்களுக்குச் சொல்கிற வார்த்தை வந்துவிடும். சில நாள் அதுவே பொருத்தமாக இருக்கும்.)

மூன்றாவது தொடக்கம், மரத்தடியில் நான் ஆங்கிலத்தில் சொல்வதேதான்:

'இந்தப் பச்சைக் கதவு வீட்டில் யாக்குமிஸ் தெலதோலாஸ் என்று ஒருவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், தன் கல்யாணத்தன்று, இன்னொருத்தியோடு மதியப் படகில் ஏறி ஓடிவிட்டார். மணப்பெண் தேவாலயத்தில் மூன்று மணி நேரம் நின்றாள். ரொட்டிக்கடை அடுப்பில் ஏழு ஆடு வெந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் தெரியுமா?'

என்ன ஆனாள் என்பதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். நியூயார்க்கில் தொப்பிக் கடை வைத்தாள். அலெக்சாந்திரியாவில் நாடக நடிகை ஆனாள். எல்லோரும் சிரிப்பார்கள், கதவைப் படம் எடுத்துக்கொள்வார்கள், மூச்சு திரும்பியிருக்கும். மேலே ஏறுவோம்.

3

இனி பெயர் விவகாரம். இந்த ஊரில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும். பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயர் இருக்கிற மொழியில் இதை எழுதுகிறேன், எனவே விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு தாத்தாவுக்கு இரண்டு மகன்கள் இருந்து, இருவருக்கும் மூத்தது ஆண் பிள்ளையாகப் பிறந்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்கள் இரண்டு யாக்குமிஸ் தெலதோலாஸ்.

ஒருவர் பெத்ரோசின் மகன். சுருட்டு யாக்குமிஸ் என்பார்கள். இன்னொருவர் மார்க்கோசின் மகன். நெட்டையாக இருப்பதால் கொக்கு யாக்குமிஸ். பச்சைக் கதவு வீடு கொக்குடையது. கல்யாணத்தன்று ஓடிப்போனவர் சுருட்டு.

பதினொரு வருடமாக நான் தப்பான ஆளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

4

போன செவ்வாய்க்கிழமை கொக்கு யாக்குமிஸ் படகடிக்கு வந்தார். எண்பத்து மூன்று வயது. இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி, கைத்தடி. வந்தவர்களோடு வரிசையில் நின்று, நான் ஒட்டும் ஊதாச் சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டார்.

"என்ன மாமா, இங்க?"

"ஊரைச் சுத்திப் பாக்கலாம்னு."

"நீங்க பொறந்த ஊரு மாமா."

"அதான். சரியா பாத்ததே இல்ல. நீ நட."

நடந்தேன். மீன் சந்தையைப் பற்றி நான் சொன்னதைப் புதுச் செய்தி கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டார். படிகளில் எல்லோருக்கும் பின்னால் வந்தார். மரத்தடியில் அவருக்காகக் காத்திருந்தோம். தன் வீட்டு வாசலில், தன் மரத்து நிழலில், விருந்தாளிபோல் ஓரமாக நின்றார்.

[இந்த இடத்தில் முதல் பிரதியில், 'என் தொண்டை அடைத்தது, நான் மரத்தின் வயதைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.]

கதையைச் சொன்னேன். அவர் முகத்துக்கு முன்னால், ஒரு வார்த்தை குறையாமல். பழகிய வாய். பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் சிரித்துவிட்டு, "அந்தக் கோழை இன்னும் உயிரோட இருக்கானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவர் தன் கப்பல்கார ஆங்கிலத்தில் சொன்னார்:

"இருக்கான் அம்மா. முன்ன மாதிரி ஓட முடியறதில்ல."

எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

5

படகு போன பிறகு துறைமுகத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"மருசோ இருந்தவரைக்கும் சன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்து வெச்சுக்குவா. நீ இங்கிலீஷ்ல சொல்லுவ. நான் பின்னாடி நின்னு அவளுக்கு நம்ம பாஷையில சொல்லணும். நான் ஓடிப்போனேன்னு நானே சொல்லணும். தெனமும்."

மருசோ அவர் மனைவி. பிப்ரவரியில் இறந்தாள். அவள்தான் அந்த மணப்பெண்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே மாமா."

"அவ விட்டாத்தானே. 'இந்த வருசம் எனக்குத் தொப்பிக் கடை இருக்கு, கெடுத்துடாத'ன்னுவா. நீ அவளை நாடகக்காரி ஆக்குன வருசம் ரெண்டு மாசம் எங்கிட்ட ஒரு மாதிரி நிமிந்துதான் பேசினா. அவளுக்காக நான் ஓடினேன். இப்பக் கேக்க அவ இல்ல. இனிமே அது வெறும் பொய்யி."

"நான் என்ன சொல்லணும்?"

"நான் வந்தேன்னு சொல்லு. போதும்."

வந்தது இப்படி. அவர் மாப்பிள்ளைத் தோழன். மணமக்கள் தலையில் வைக்கிற மணமுடிகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். மாப்பிள்ளை படகில் ஏறியதைப் பார்த்தவன் வந்து சொல்லிவிட்டான். பெண்ணின் தகப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். பாதிரியார் அங்கியைக் கழற்றத் தொடங்கினார். அப்போது இவர், "பேப்பர்ல யாக்குமிஸ் தெலதோலாஸ்னுதானே எழுதியிருக்கு? அது என் பேருதான்" என்றார். பதிவேட்டில் அப்பா பெயர் மட்டும்தான் இடித்தது. பாதிரியார் 'பெத்ரோஸ்' மேல் மையைக் கொட்டினார். கைதவறியா, வேண்டுமென்றேயா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

"அவங்க சம்மதிச்சாங்களா?"

"என்னை மேலயும் கீழயும் பாத்தா. 'செருப்பு கடிக்குது, சீக்கிரம் ஆகட்டும்'னா."

அதைச் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும்போல் இருந்தது.

6

இதுவரை படித்தவர்கள், பாவம், இவளுக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைக்கும்படிதான் எழுதினேன். மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

சுருட்டு யாக்குமிஸ் என் மாமனார்.

ஓடிப்போய் ஏழு வருடம் கழித்து மனைவியோடும் மகனோடும் திரும்பி வந்தார். இப்போது அவர் இல்லை. அந்த மகன் பெத்ரோஸ் என் கணவர், வருடத்தில் பாதி கப்பலில் இருப்பவர். எங்கள் மகனுக்கு, வழக்கப்படி, யாக்குமிஸ் என்று பெயர்.

பதினொரு வருடத்துக்கு முன்பு, அந்தப் படியில் சொல்ல ஏதாவது கதை உண்டா என்று ரொட்டிக்கடைக்காரியிடம் கேட்டேன். "ஏன் இல்ல, ஒரு கல்யாணம் நின்னுச்சே, நம்ம யாக்குமிஸ்..." என்று உற்சாகமாக ஆரம்பித்தவள், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்தினாள். "வேற யாக்குமிஸ்" என்றாள். "கொக்கு." சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மரியாதைக்காகச் சொன்ன பொய் அது. அவள் கழுத்து சிவந்ததைப் பார்த்த அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டுதான் மறுநாள் மரத்தடியில் வாயைத் திறந்தேன். வசதியாக இருந்தது. நிழலும் இருந்தது. இதற்காக வெட்கப்படுகிறேன்.

7

மாமியார் ஃபோத்தினிக்கு எண்பது வயது. அந்த மதியப் படகில் போன 'இன்னொருத்தி' அவர்தான். நான் வீட்டுக்குப் போனபோது பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொக்கு மாமா இன்னிக்கு எங்கூட நடந்து வந்தாரு."

"பாத்தேன். தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு."

"கதையை மாத்தச் சொல்றாரு."

"எந்தக் கதையை?"

"உங்க கதையை."

இருபத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் கை நின்றது. பிறகு ஒரு பீன்ஸைத் தூக்கிப் பார்த்து, "முத்திப்போச்சு" என்று ஒதுக்கிப் போட்டார்.

"தெனமும் ரொட்டி வாங்க அந்தப் படியிலதான் போறேன். வெளியில இருந்த ஏழு வருசத்துல ஒட்டிக்கிட்ட இங்கிலீஷ் போதும், நீ அவன் தலையில போடறதைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"மாத்தட்டுமா?"

"நான் செத்தப்புறம் மாத்திக்கோ."

"அவருக்கு எண்பத்தி மூணு, அத்தை."

"அப்ப அவன் முந்திக்குவான்."

இன்னும் இரண்டு பீன்ஸுக்கு நார் உரித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்:

"அந்தப் படகுல நான் ஊர் மறையிற வரைக்கும் அழுதுக்கிட்டேதான் போனேன். அவ மருசோ, எங்கூடப் படிச்சவ. இது உன் கதையில வருமா?"

மரத்தடியில் எனக்கு இருப்பது நாலு நிமிடம்.

8

சாத்தியமான முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

நாளை உண்மையைச் சொல்கிறேன். யாக்குமிஸ் வந்தார் என்கிறேன். அப்படியானால் யார் வரவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார். ரொட்டிப் பையோடு அத்தை படியேறி வந்துகொண்டிருப்பார்.

அல்லது, பெயரே சொல்லாமல் 'ஒருவர்' என்கிறேன். பதினொரு வருடம் பெயர் சொல்லி ஓடவிட்டவரை, வரும்போது மட்டும் பெயரில்லாமல் வரவைப்பேனா?

அல்லது, நான்காவது நிறுத்தத்தையே எடுத்துவிடுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறச் சொல்கிறேன். அதற்குள் யாராவது

இல்லை. இவை எல்லாமே நான் தப்பித்துக்கொள்கிற முடிவுகள். முதலாவதைத் தவிர.

9

நேற்று இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பச்சைக் கதவைத் தட்டினேன். காப்பி போட்டார், சீமைமாதுளை மிட்டாய் வைத்தார்.

"எழுதிட்டேன் மாமா."

"படி."

படித்தேன். முதல் பகுதியிலிருந்து எட்டாம் பகுதி வரை, தமிழில். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். அவர் பெயர் வரும்போதெல்லாம் புருவம் அசைந்தது.

"நான் வந்தேனா அதுல?"

"வந்தீங்க மாமா."

"எந்த இடத்துல?"

ஐந்தாம் பகுதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப வட்டம் வட்டமா இருக்கு. இந்தத் தீவுல இதை யாரு படிப்பா?"

"நான் ஒருத்திதான்."

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் பக்கம் நகர்த்தினார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மருமகளே, நீயும் படகு ஏறிட்ட" என்றார். "எறங்கி வா. என் வாசல்ல நின்னு சொல்லு."

மணி இப்போது பத்தே முக்கால். காப்பிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படகு முனையைச் சுற்றி வருவது தெரிகிறது. இன்றைக்குப் பதினான்கு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். நான்காவது இடத்தில் நின்று என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, நாளைக்கும் எழுதமாட்டேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், அந்தச் சுதந்திரம் உங்களுக்கு உண்டு. எனக்கு இல்லை. எழுதிவிட்டால், சொல்லிவிட்டேன் என்று எனக்கே தோன்றிவிடும்.